முற்றத்தில் கேட்பவன்: தொன் போஸ்கோவின் உரோமை மடலும் நம் கோடை முகாம்களும்

சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் பள்ளிக்கூட வாயில்கள் பூட்டப்படுகின்றன. பங்குக் கோயில் வளாகங்கள் திறக்கப்படுகின்றன. வேப்பமர நிழலில் பாய் விரித்துப் பத்து நாள், பன்னிரண்டு நாள் என விடுமுறை விவிலிய முகாம்கள் நடைபெறுகின்றன. பாட்டு, கதை, விளையாட்டு, மறைக்கல்வி, நண்பகல் உணவு, மாலைச் செபம் என்பது அவற்றின் ஒழுங்கு. அவற்றை நடத்துவோர் பெரும்பாலும் கல்லூரியில் பயிலும் இளைஞரும் இளம்பெண்களுமே. குருமாணவரும் அருள்கன்னியரும் உடனிருந்தாலும், சிறுவர்களோடு காலை முதல் மாலை வரை நிற்பவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பொதுநிலையினரே. அவர்களைச் சிறுவர்கள் பதவிப் பெயரால் அழைப்பதில்லை. அண்ணா என்றும் அக்கா என்றும் அழைக்கிறார்கள்.

முகாம் முடிந்தபின் இந்த இளைஞருள் சிலர் பங்கு மலருக்கோ திருவிழாச் சிறப்பிதழுக்கோ ஒரு கட்டுரை எழுதித் தருவது வழக்கம். அத்தகைய கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருபவன் நான். அவற்றின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றைப் படித்தால் அனைத்தையும் படித்தது போலவே இருக்கிறது. காரணம் தேடி அவற்றின் வினைச்சொற்களைக் கவனித்தேன். கற்றுக்கொடுத்தோம், பாட வைத்தோம், எடுத்துரைத்தோம், ஒழுங்குபடுத்தினோம் என்பனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. ‘கேட்டோம்’ என்ற சொல் அரிதாகவே வருகிறது. இறுதியில் ஒரு வரி: இம்முகாமினால் என் விசுவாசம் வளர்ந்தது. எப்படி வளர்ந்தது, எந்த நாளில், எந்தச் சிறுவனால், எதை இழந்து வளர்ந்தது என்பதற்கு விடை இல்லை. விதைத்ததைச் சொல்லி, விளைந்ததையும் சொல்லி, மழை பெய்ததைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது இது.

குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இக்கட்டுரைகளை உரசிப் பார்க்க நம் திருச்சபையிலேயே ஓர் உரைகல் இருக்கிறது. இளையோர் நடுவே பணியாற்றுவோரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகச் சிறந்ததென நான் கருதுவது, தொன் போஸ்கோ 1884-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் உரோமையிலிருந்து விடுத்த மடல். நம் முகாம்கள் நடைபெறும் அதே மே மாதத்தில் பிறந்த எழுத்து அது.

மடல் பிறந்த சூழல்

1815-இல் வட இத்தாலியின் பெக்கி எனும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த ஜான் போஸ்கோ, 1841-இல் குருவானார். தூரின் நகரத்துக்கு வேலை தேடி வந்த ஆதரவற்ற சிறுவரைச் சேர்க்கத் தொடங்கி, இடம் இடமாக அலைந்து, 1846-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளில் வால்தோக்கோ பகுதியில் ஒரு கொட்டகையில் நிலைகொண்டார். அந்தக் கொட்டகையும் அதன் முன்னிருந்த முற்றமுமே பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு பெரும்பணியின் தொட்டில். 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர் வழியாக நம் நாட்டிலும் அது கால் பதித்தது.

1884-இல் தொன் போஸ்கோவுக்கு அகவை அறுபத்தெட்டு. உடல் தளர்ந்திருந்தது. சபையின் அலுவல்களுக்காக உரோமையில் தங்கியிருந்தபோது, தூரினிலிருந்த தம் பிள்ளைகளை நினைத்து இம்மடலை விடுத்தார். எண்ணம் அவருடையது, அதற்கு எழுத்து வடிவம் தந்தவர் செயலாளராயிருந்த அருள்தந்தை லெமோய்ன். சலேசியருக்கென நீண்ட வடிவமும் சிறுவருக்கெனச் சுருங்கிய வடிவமும் உண்டு. 1888 சனவரி 31-இல் தொன் போஸ்கோ மறைந்தார். 1934-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஒரு தந்தை தம் இறுதி ஆண்டுகளில் எழுதியது என்ற நினைவோடு இதைப் படித்தல் தகும்.

மடலின் அமைப்பு எளியது. அது ஒரு கனவு. முன்னாள் மாணவர் ஒருவர் தோன்றி, 1870-க்கு முற்பட்ட வால்தோக்கோ முற்றத்தைக் காட்டுகிறார். அங்கே ஓட்டமும் பாட்டும் சிரிப்பும்; ஒரு பக்கம் குரு ஒருவரைச் சூழ்ந்து கதை கேட்கும் கூட்டம்; இன்னொரு பக்கம் சிறுவரோடு தாமும் சிறுவராய் விளையாடும் இளந்துறவி. பின்னர், தொடக்க கால மாணவருள் ஒருவரான யோசேப்பு புஸ்ஸெத்தி தோன்றி, அன்றைய முற்றத்தைக் காட்டுகிறார். இடம் அதுவே. ஆனால் சிறுவர்கள் தூண்களில் சாய்ந்து நிற்கிறார்கள், படிக்கட்டுகளில் தனித்து அமர்ந்திருக்கிறார்கள், முகங்களில் சலிப்பு. பொறுப்பாளர்களோ ஒரு புறமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டு உலவுகிறார்கள். இவ்விரு காட்சிகளுக்கும் இடையே இழந்து போனது என்ன என்பதே மடலின் கேள்வி. பிள்ளைகளை நேசிப்பது மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பதைப் பிள்ளைகள் உணரவும் வேண்டும் என்ற கருத்தே விடையாக வருகிறது.

யார் கேட்கிறார், யார் சொல்கிறார்?

இக்கருத்தை நம் கருத்தரங்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். சுவரொட்டிகளிலும் அச்சிடுகிறோம். ஆனால் அது மடலில் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கவனிப்போர் குறைவு. அதைச் சொல்பவர் தொன் போஸ்கோ அல்லர். அவருடைய பழைய மாணவர். மடல் நெடுகிலும் கேள்வி கேட்பவர் தந்தை. விடை பகர்பவர் அவர் வளர்த்த பிள்ளை. என் சலேசியர் உழைக்கிறார்களே, படிப்பிலும் பணியிலும் தங்களை வருத்திக்கொள்கிறார்களே, இன்னும் என்ன குறை என்று தந்தை வாதாடவும் செய்கிறார். பிள்ளை பொறுமையாக விளக்குகிறார்.

நாற்பது ஆண்டுக்கு மேலாக இளையோர் பணியில் தோய்ந்த ஒருவர், தம் பெயரால் எழுதப்படும் மடலில் தம்மை மாணவர் இடத்தில் அமர்த்திக்கொள்கிறார் என்பதே இந்த எழுத்தின் உயிர். அறிவுரை மடலாக எழுதியிருந்தால் நூறு அறிவுரை மடல்களுள் ஒன்றாக இது மறைந்திருக்கும். தந்தை கற்றுக்கொள்வதைப் பார்க்கும் வாசகனும் தன்னை அறியாமல் கற்றுக்கொள்ளும் மனநிலைக்கு வந்து விடுகிறான். உள்ளடக்கமும் வடிவமும் இங்கே ஒன்றாயிருக்கின்றன: பிள்ளைகளிடம் இறங்கி வாருங்கள் என்று சொல்லும் மடல், தானே பிள்ளையிடம் இறங்கி வந்துதான் அதைச் சொல்கிறது.

நம் மலர்க் கட்டுரைகளில் நான் காணும் வெறுமைக்குக் காரணம் இப்போது விளங்குகிறது. அவற்றில் இளைஞன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆசிரியனாகவே இருக்கிறான். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. அவ்வாறிருக்க, அவன் விசுவாசம் எந்த வாயில் வழியாக வளர்ந்திருக்கும்?

தூணில் சாய்ந்த சிறுவன்

இவ்விடத்தில் என் குறையையும் சொல்லிவிடுவதே நேர்மை. என் கல்லூரி நாள்களில் விசைத்தறி ஓசை இரவும் பகலும் கேட்கும் ஒரு சிற்றூரில் நானும் முகாம் அண்ணனாக இருந்தேன். என் குழுவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். கபடிக்கு அழைத்தால் வரமாட்டான். பாட்டுக்குக் கை தட்டமாட்டான். மண்டபத் தூணில் சாய்ந்து கண் சொருகியபடி இருப்பான். மூன்றாம் நாள் என் உரைக்குத் தலைப்பு சோம்பல். எடுத்துக்காட்டு தேடி நான் எங்கும் போகவில்லை. அவனையே எழுப்பி நிற்கவைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். “அவன் ராத்திரி தூங்கலீங்கண்ணா. அவங்கப்பனுக்குத் தொணையாத் தறிக்கு நின்னானுங்க. நூல் அறுந்தா முடிச்சுப் போடோணுமுங்களே” என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கும் குரலில்தான் சொன்னாள். இரவெல்லாம் விழித்திருந்தும் காலையில் எட்டு மணிக்கு முகாமுக்கு வந்து சேர்ந்தவனைச் சோம்பேறி என்று அறுபது பேர் நடுவே நான் பட்டம் கட்டியிருந்தேன். அந்தத் தூணடியே அவனுக்குக் கிடைத்த ஓய்விடம் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மறுநாள் அதே பிள்ளைகள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுவரை எத்தனையோ முறை ஒப்புரவு அருட்சாதனம் பெற்றிருக்கிறேன். குற்றங்களை வரிசையாக ஒப்பித்திருக்கிறேன். நான் தீங்கிழைத்த ஒருவரின் கண்களைப் பார்த்து என் குற்றத்தைச் சொன்னது அதுவே முதல் முறை. அவன் “பரவால்லீங்கண்ணா” என்றான். மன்னிப்பு என்ற சொல்லை நான் பல நாள் விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை அவன் ஒரு சொல்லில் தந்தான். பல ஆண்டு கழித்து உரோமை மடலில் தூண்களில் சாய்ந்து நிற்கும் சிறுவர்களைப் படித்தபோது, எனக்கு வால்தோக்கோ தெரியவில்லை. எங்கள் மண்டபத் தூணே தெரிந்தது.

மடல் காணாமல் விட்டது

அந்தச் சிறுவனே மடலின் குறையையும் எனக்குக் காட்டினான். தலைசிறந்த எழுத்தானாலும் அதன் எல்லையைச் சொல்வது திறனாய்வின் கடமை. உரோமை மடல், சிறுவர் முகத்திலுள்ள சோர்வுக்குக் காரணத்தை முற்றத்துக்குள்ளேயே தேடுகிறது. பொறுப்பாளர்கள் விலகி நின்றார்கள், நம்பிக்கை குறைந்தது, மகிழ்ச்சி மறைந்தது, அருட்சாதனங்களிலும் ஆர்வம் குன்றியது என்பது அதன் காரணச் சங்கிலி. உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. முற்றத்துக்கு வெளியே ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்கு வெளியே ஒரு தொழில் இருக்கிறது. நம் சமவெளியில் அது பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறிப்பட்டறையாக இருக்கலாம். கிழங்கு அரைக்கும் சவ்வரிசி ஆலையாக இருக்கலாம். நாமக்கல் கோழிப்பண்ணையாகவோ, மாதக்கணக்கில் தந்தையை வட இந்தியச் சாலைகளில் நிறுத்திவைக்கும் லாரியாகவோ, திருச்செங்கோட்டிலிருந்து தொலைவூர்களுக்குப் போகும் ஆழ்துளைக் கிணற்று வண்டியாகவோ இருக்கலாம். அன்பான அண்ணன் ஒருவன் அருகில் வந்து அமர்ந்தால் மட்டும் அந்தச் சிறுவனின் தூக்கம் திரும்பி வந்துவிடாது.

தொன் போஸ்கோ இதை அறியாதவர் அல்லர். தொழில் பழகும் சிறுவருக்காக முதலாளிகளோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்தவர் அவர். 1852-ஆம் ஆண்டு தச்சுத் தொழில் பழகும் ஓர் இளைஞனுக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் உள்ளது. வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ற வேலையே தரவேண்டும், சொல்லால் மட்டுமே திருத்தவேண்டும், திருவிழா நாள்களில் ஓய்வு தரவேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளை முதலாளியை ஏற்கச் செய்தார். எனவே மடலை மட்டும் தனித்துப் படிப்பவர் பாதி தொன் போஸ்கோவையே அறிந்தவர் ஆவார். 1884-இன் கனவையும் 1852-இன் ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஒன்று சிறுவனின் அருகில் அமரச் சொல்கிறது; மற்றொன்று அவனுக்காக எழுந்து நிற்கச் செய்கிறது. முகாம் வழிகாட்டியின் விசுவாசம் முதலாவதோடு நின்றுவிட்டால் அது இனிய உணர்வாகவே தங்கிவிடும்.

இன்னொன்றையும் நம் காலத்தின் கண்கொண்டு சொல்லியாக வேண்டும். மடல் நெருக்கத்தைப் போற்றுகிறது. குடும்பப் பாங்கான பழக்கத்தைக் கேட்கிறது. அந்த நெருக்கத்தைக் கருவியாகக் கொண்டு சிறாருக்குத் தீங்கிழைத்தவர்கள் உலகத் திருச்சபையிலும் இருந்தனர் என்பதை இன்று நாம் வேதனையோடு அறிவோம். நம் நாட்டில் 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இக்குற்றங்களை மறைக்காமல் தெரிவிக்கும் கடமையைத் திருச்சபைச் சட்டமாக்கினார். அப்படியானால் மடலின் அறிவுரை காலாவதியாகி விட்டதா? இல்லை என்பேன். மடலில் அன்பு நிகழும் இடம் எது என்று பாருங்கள். அது முற்றம். எல்லோர் கண்ணுக்கும் தெரியும் திறந்த வெளி. பூட்டிய அறை அங்கே இல்லை, தனிச்சலுகை இல்லை, மறைவு இல்லை. முற்றத்தை விட்டு விலகியதே குறை என்கிறது மடல். சிறாரைக் காக்கும் இன்றைய நெறிமுறைகளை அன்புக்குப் போடப்பட்ட வேலியாகக் கருதும் முகாம் பொறுப்பாளர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நெறிமுறைகள் கேட்பதும் திறந்த முற்றத்தைத்தான்.

விசுவாசம் வளரும் இடம்

மீண்டும் முதற்கேள்விக்கு வருவோம். முகாமில் பணியாற்றும் இளைஞனின் விசுவாசம் எவ்வாறு வளர்கிறது? உரை நிகழ்த்தும்போது வளர்வதாக நாம் எண்ணுகிறோம். பாட்டின் எழுச்சியில், இறுதி நாள் மெழுகுதிரி ஒளியில், கண்ணீரோடு விடைபெறும்போது வளர்வதாக எழுதுகிறோம். அவை வேண்டாதவை என்று சொல்லமாட்டேன். ஆனால் சூன் மாதம் கல்லூரி திறந்ததும் அந்த எழுச்சி எங்கே போயிற்று என்று தேடாத இளைஞர் யார்?

பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் காணப்பட்ட இயேசுவைப் பற்றி லூக்கா தரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். போதகர் நடுவே அமர்ந்து அவர் முதலில் செவிமடுத்தார், கேள்வி கேட்டார். உயிர்த்த பின்னும், எம்மாவு வழியில் சோர்ந்து நடந்த இருவரோடு சேர்ந்துகொண்டபோது, அவர் தொடங்கியது விளக்கத்தோடு அன்று, ஒரு கேள்வியோடு. அவர்கள் தங்கள் துயரத்தைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். மறைநூலை விளக்கியது அதன் பிறகே.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1623-இல் இராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலம் வந்தார், சேலத்துக்கும் வந்தார். சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவாவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தச் சமவெளியில் நற்செய்தியின் குரல் ஒலித்தது. அவருக்குத் தத்துவ போதகர் என்று பெயர். ஆனால் அந்தப் போதகர், தமிழையும் வடமொழியையும் இந்நாட்டவரிடமே மாணவராய் அமர்ந்து கற்றவர். இங்கே முதலில் வந்த போதகர், கேட்கக் கற்றுக்கொண்ட பிறகே பேசினார் என்பது நம் வழிகாட்டிகளுக்குப் பெருமையும் பாடமும் ஆகும்.

ஆகவே இந்த ஆண்டு முகாமுக்குச் செல்லும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். நாளின் இறுதியில், பிள்ளைகள் வீடு திரும்பியபின், பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோயிலில் ஐந்து நிமிடம் அமருங்கள். இன்று நான் எத்தனை பேருக்குக் கற்பித்தேன் என்று கணக்கிட வேண்டாம். இன்று எந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டேன், விடை வரும்வரை பொறுத்திருந்தேனா, அவ்விடை என்னுள் எதை மாற்றியது என்று எண்ணிப் பாருங்கள். முகாம் முடிந்து மலருக்குக் கட்டுரை எழுதும்போது அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம், அவன் உங்களுக்குச் சொல்லித் தந்ததை எழுதுங்கள். அக்கட்டுரையை முதல் ஆளாகப் படிக்க நான் காத்திருப்பேன்.

என் தூணடிச் சிறுவன் இப்போது குடும்பத் தலைவன். அவன் மகள் சென்ற ஆண்டு முகாமில் அக்காவாகப் பணி செய்தாள். மாலையில் சேர்வராயன் மலைப்பக்கம் மின்னல் வெட்டி, புழுதி கிளம்பி, கோடை மழையின் முதல் துளிகள் விழத் தொடங்கியபோது, பிள்ளைகளை மண்டபத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சிறுமி மட்டும் வராமல் வேப்பமரத்தடியில் நின்றாள். இவள் அதட்டவில்லை. அருகில் போய்க் குனிந்து ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்பது என் காதில் விழவில்லை. மழை வலுத்த பின்னும் அவள் குனிந்தபடியே விடைக்காகக் காத்திருந்தாள்.